பொதுவிடமும் புதியவரும்

பொதுவழி, பொதுக்கிணறு, பொதுப்பூங்கா என்று நாள்தோறும் சொல்கிறோம். ஆயினும் ஓரிடம் எதனாற் பொதுவாகிறது என்று வினவினால் விடை எளிதில் வருவதில்லை. வேலி கட்டி, நடைபாதை வகுத்து, ஊஞ்சல் அமைத்துப் பெயர்ப்பலகை நாட்டிவிட்டாற் போதுமா?

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இஃது ஏட்டுக் கேள்வியன்று. மாலையிற் பூங்காவிற்குச் செல்லும் தாய், ஓடும் குழந்தையைத் தமிழில் உரக்க அழைக்கலாமா என ஒரு கணம் தயங்குகிறாள். யாரும் தடுத்ததில்லை, தயக்கம் தானே வருகிறது. இத்தனைக்கும் இம்மண்ணில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலம் கலந்தே வழங்கின. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. பிழைப்பு நாடி வந்தோர் ஒருபுறமிருக்க, கோடு மாறியதால் இருந்த இடத்திலேயே அயலாரானோரும் நம்முள் உளர்.

பழந்தமிழர் பொதுவிடத்தைப் 'பொதியில்' என்றனர். சோழனின் பகைவர் ஊர்ப் பொதியிலைக் காட்டும் பட்டினப்பாலை, அங்கே ஊருக்குப் புதியவர்கள் தங்கினர் என்கிறது. இது சிந்திக்கத்தக்கது. உள்ளூரார் கூடுவதால் மட்டும் அவ்விடம் பொதுவாகவில்லை. முன்பின் அறியாதவனும் கேள்வியின்றி வந்து அமரக்கூடியதாக இருந்தது. அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், அத்தாய் தயங்க வேண்டியதே இல்லை.

ஆனால், பெருமை பேசி இங்கேயே நின்றுவிட என் மனம் ஒப்பவில்லை. அதே பாட்டு, அப்பொதியிலை மெழுகி விளக்கேற்றியவர் 'கொண்டி மகளிர்' என்றும் சொல்கிறது. பகைவர் நாட்டினின்று சிறைபிடித்துக் கொணரப்பட்ட பெண்டிர் என்பர் உரைகாரர். வழிப்போக்கனுக்கு நிழல் தந்த இடம், அதைப் பேணியவளுக்கு உரியதாக இல்லை! நம் விழா மேடைகளில் இச்செய்தியை எடுத்துரைத்தோரை நான் கண்டதில்லை. நிற்க. விடியுமுன் பூங்காவைக் கூட்டிப் பெருக்கும் பெண், மாலையில் தன் மகனோடு வந்து அதே பலகையில் அமர்கிறாளா? அமர்ந்தால் அருகிலிருப்போர் இயல்பாக இருப்பார்களா? நாம் அயலார் என்று வருந்தும் நாம், அவளுக்கு அயலாராக நடந்துகொள்ளவில்லையா? நம் உரிமையைக் கேட்கும் அதே மூச்சில் அவள் உரிமையையும் ஏற்காவிடில், நாம் கேட்பது பொதுமையன்று. ஒரு பங்கு மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. பொதுமை மனிதரோடு முடிந்துவிடுகிறதா? அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும் பாதை 3,500க்கு மேற்பட்ட படிகளைக் கொண்டது. முதியோரும் சிறுவரும் ஒருங்கே நடக்கும் வழி. அது சேசாசலக் காட்டினூடே செல்கிறது. 2023 ஆகஸ்டில் அவ்வழியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்தாள். பெற்றோரின் துயரத்திற்கு முன் தத்துவம் பேசுதல் தகாது. ஆயினும் கேள்வி எழவே செய்தது: பாதை யாருடையது? கூண்டுகள் வைக்கப்பட்டன, பிடிபட்ட சிறுத்தைகளுட் சில, 1987இல் தொடங்கிய திருவேங்கடேசுவர விலங்கியற் பூங்காவிற்குக் கொண்டுசெல்லப்பட்டன. பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவர்களோடு வருவோர் பிற்பகல் 2 மணிக்குப் பின் ஏறக்கூடாதென அப்போது விதி வந்தது. பக்திக்குத் தடையா என்று கேட்பார்க்கு, என் கருத்து இதுதான்: விதி முறையானதே. மனிதர் நடமாட்டம் ஓயும் வேளை, காட்டில் வாழ்வன நடமாடும் வேளை. பொதியிலில் நாம் விருந்தினர் என்றால், காட்டில் அதனினும் புதியவர். வந்த வீட்டாரின் உறங்கும் வேளையும் உலவும் வேளையும் அறிந்து நடத்தல் விருந்தினர் கடமையன்றோ? அடிவாரத்தில் திருப்பி அனுப்பப்பட்ட தந்தை, மறுநாட் காலையில் மகளோடு ஏறலாம். அவ்விலங்குகளுக்கு வேறு காடு இல்லை.