ஒழுகும் கூரையும் உதவியின் அறமும்

வறியவர்க்கு உதவ வேண்டும் என்பதை வெளிப்படையாக மறுப்போர் சிலரே. வறியவர் யார், உதவி எது என்று வினவும்போதே அறம் பற்றிய விவாதம் தொடங்குகின்றது. சொந்த வீடு உடையவன் வறியவனாதல் கூடுமா? கூடுமெனின், அவனது கூரையைச் சமுதாயம் ஏன் செப்பனிட வேண்டும்? செல்வத்தில் முதன்மை பெற்ற ஐக்கிய அமெரிக்கா இவ்வினாக்களுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அளித்துவரும் விடையை ஆராய்வது, இங்கு வாழும் நமக்கும் பயன் தருவதாகும்.

பனி பொழியும் நாட்டில் வீட்டை வெப்பமாக வைத்திருத்தல் ஆடம்பரமன்று. பென்சில்வேனியா போன்ற மாநிலத்தில் மாரிகாலத்து வெப்பநிலை நீர் உறையும் நிலைக்குக் கீழே இறங்குவது வழக்கம். வீட்டின் வெப்ப உலை பழுதுற்றால் குழாய்களில் நீர் உறைந்து அவை வெடிக்கும். முதியோரும் குழந்தைகளும் நோயுறுவர். ஆகவே எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் பணம் உணவுக்குக் கொடுக்கும் பணத்தை ஒத்ததே. வருமானம் குறைந்த குடும்பத்தில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. ஒன்றைப் பெறுவதற்கு மற்றதைக் குறைத்தாக வேண்டும்.

1973-74இல் எண்ணெய் விலை நான்கு மடங்காக உயர்ந்தமை இந்நெருக்கடியை அரசின் வாசலுக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னர் இரண்டு திட்டங்கள் தோன்றின. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வறியோர் வீடுகளில் சுவரிலும் முகட்டிலும் காப்புப் பொருள் இட்டு, காற்றுப் புகும் இடைவெளிகளை அடைத்து, வெப்பம் வீணாகாது தடுக்கும் திட்டம் ஏற்பட்டது. 1981இல், வெப்பச் செலவின் ஒரு பகுதியை அரசு ஏற்கும் திட்டம் சட்டமாயிற்று. முன்னையது வீட்டைத் திருத்துவது. பின்னையது பற்றுச்சீட்டைத் தீர்ப்பது.

இவ்விரண்டினுள் பெரும்பணம் எதற்குச் செல்கின்றது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. அண்மைய ஆண்டுகளில் வெப்பச் செலவுத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 400 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அதில் வீட்டைத் திருத்துவதற்கு 15 வீதத்துக்கு மேல் செலவிடலாகாது என்பது சட்டத்தின் பொது விதி. சிறப்பு அனுமதி பெற்றாலும் 25 வீதமே எல்லை. எஞ்சியதிற் பெரும்பகுதி எரிபொருள் நிறுவனங்களுக்கு நேரே செலுத்தப்படுகின்றது. வீட்டின் சுவரிலோ இடைவெளிகள், கூரையிலோ ஒழுக்கு. அரசு கொடுத்த வெப்பம் அவ்வழியே வெளியேறிவிடுகின்றது. அடுத்த மாரியில் அதே குடும்பம் அதே விண்ணப்பத்துடன் மீண்டும் வந்து நிற்கின்றது. ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பவன் தாகம் தீர்த்தான் என்று எவரும் சொல்லார். நீர் விற்றவன் மட்டும் நட்டமடைவதில்லை.

அத்தோடு, இவ்வுதவி உரிமையாக வகுக்கப்படவில்லை. தகுதி இருந்தும் நிதி தீர்ந்துவிட்டால் கதவு மூடப்படும். 2025 ஏப்ரலில் இத்திட்டத்தை மேற்பார்வை செய்த மத்திய அலுவலர் அனைவரும் பணிநீக்கம் செய்யப்பட்டமை, கொடையாக வருவது எத்துணை எளிதில் அசைக்கப்படும் என்பதற்குச் சான்றாகும்.

வீட்டைத் திருத்தும் திட்டத்திலேனும் நீதி நிலவுகின்றதா? அங்கேதான் மிகக் கசப்பான முரண்பாட்டைக் காண்கின்றோம். கூரை ஒழுகும் வீட்டிலே காப்புப் பொருள் இட்டால் அது நனைந்து அழுகும். மின்கம்பிகள் பழுதுற்றிருந்தால் தீப்பற்றும். ஆகவே அத்தகைய வீடுகள் ‘ஒத்திவைக்கப்படுகின்றன’. முதலிற் கூரையைத் திருத்திக்கொண்டு வருக என்பது வீட்டுக்காரர் பெறும் விடை. கூரையைத் திருத்தப் பணமிருந்தால் அவர் ஏன் அவ்வாசலுக்கு வரப்போகிறார்? நோய் முற்றியவனை நோக்கி, சற்றுக் குணமடைந்து வா, பின்னர் மருந்து தருவோம் என்று கூறும் வைத்தியசாலைக்கும் இதற்கும் வேறுபாடு யாது? 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்திட்டத்துக்கு 350 கோடி டொலர் வழங்கியது. ஆனால் ஒத்திவைக்கப்படும் வீடுகளைத் தகுதிபெறச் செய்வதற்கென 2022இல் ஒதுக்கப்பட்ட தனி நிதியோ 1 கோடியே 50 இலட்சம் டொலர் மாத்திரமே.

வீட்டைப் பேணத் தவறியது உடைமையாளனின் குற்றமன்றோ என்று சிலர் கேட்பர். வரலாறு வேறு விடை பகர்கின்றது. பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் உருக்காலை 1986இல் மூடப்பட்டது. மொனொங்ககீலா ஆற்றங்கரை நகரங்களில் உருக்கை வார்த்த தொழிலாளர் தம் கூலியிலே சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வீடுகள் நின்றன. கூலி மட்டும் போய்விட்டது. வேலையற்ற ஊரிலே வீட்டை விற்பதும் அரிது. விட்டுச் செல்வதும் அரிது. கறுப்பின மக்கள் நிலை இதனினும் கொடியது. 1930களில் அரசின் வீட்டுக்கடன் நிறுவனமே நகரப் படங்களில் அவர்களது குடியிருப்புகளைச் செந்நிறத்தால் அடையாளமிட்டு, அவை கடன் கொடுக்கத் தகாத ஆபத்தான இடங்களென வகுத்தது. பல தசாப்தங்களாகக் கடன் மறுக்கப்பட்ட தெருவிலே கூரை ஒழுகுவது சோம்பலின் விளைவன்று, கொள்கையின் விளைவு.

பொதுப்பணத்தைத் தனியார் உடைமையிற் செலவிடுவது முறையா என்பது மற்றொரு வினா. நியாயமான வினாதான். ஆனால் அதை எல்லாரிடமும் கேட்க வேண்டும். வீட்டுக்கடன் வட்டியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகையை அமெரிக்க அரசு நெடுங்காலமாக வழங்கிவருகின்றது; இன்று 7,50,000 டொலர் வரையிலான கடனுக்கு அது செல்லும். அதன் பெரும்பயன் உயர் வருமானமுடையோரையே சேர்கின்றது. கடனைக் கட்டி முடித்து, ஓய்வூதியத்தில் வாழும் முதியவளுக்கு அதனால் ஒரு சதமும் இல்லை. செல்வர் தம் வறுமையை நிரூபிக்க வரிசையில் நிற்பதில்லை; அவர்தம் வீட்டுக்குள் எந்த அதிகாரியும் நுழைந்து பார்ப்பதில்லை. அவர்க்குக் கிடைப்பது ‘கழிவு’ எனப்படும். ஏழைக்குக் கிடைப்பது ‘உதவி’ எனப்படும். இரண்டும் பொதுப்பணமே. பெயரில் உள்ள இவ்வேறுபாடு வர்க்க வேறுபாடன்றி வேறில்லை.

நம்மவருள்ளும் ஒரு மறுப்பு எழக்கூடும். தொழிலாளியை வீட்டுக்கு உடைமையாளனாக்குவது பிரச்சினையைத் தீர்க்காது, அவனை ஓரிடத்திற் பிணைக்கும் விலங்காகவும் அமையும் என்று ஏங்கெல்ஸ் 1872இல் எழுதத் தொடங்கிய ‘வீட்டுப் பிரச்சினை’யில் வாதிட்டார். உருக்கு நகரங்களின் கதை அவ்வாதத்துக்கு அரண் செய்கின்றது. எனினும், விலங்கு பூண்டவன் குளிரில் நடுங்கவேண்டும் என்பது அதன் முடிபாகாது. கூலியைச் சுரண்டிச் சென்ற மூலதனம் தன் பின்னே விட்டுச் சென்ற வீடுகள் இவை. இவற்றைச் செப்பனிடுதல் சமுதாய மாற்றத்துக்கு ஈடன்று. ஆயினும் அம்மாற்றத்துக்காகக் காத்திருப்போர் உயிரோடிருக்க வேண்டுமன்றோ? வாடகை வீட்டில் வாழ்வோர் இதனினும் குறைந்த பாதுகாப்புடையோர் என்பது மெய்யே. அது அவர்க்கும் செய்ய வேண்டும் என்பதற்குக் காரணமாகுமேயன்றி, எவர்க்கும் செய்யலாகாது என்பதற்குக் காரணமாகாது.

வழி இல்லாமலில்லை. 2022இல் பென்சில்வேனியா மாநிலச் செனற்றர் நிகில் சவால் முன்னின்று கொணர்ந்த முழுவீட்டுத் திருத்தத் திட்டம், 12 கோடியே 50 இலட்சம் டொலரைக் கொண்டு தொடங்கிற்று. குறைந்த, இடைப்பட்ட வருமானமுடைய உடைமையாளர் ஒருவருக்கு 50,000 டொலர் வரை மானியம். கூரை, உலை, மின்கம்பி யாவற்றுக்கும் அது பொருந்தும். பல மாவட்டங்களில் விண்ணப்பங்கள் நிதியைக் கடந்து குவிந்தன. தேவையின் அளவை அதுவே புலப்படுத்திற்று. ஆனால் அது கொள்ளைநோய்க் காலத்தில் ஒருமுறை வந்த மத்திய நிதி. ஒழுக்கோ ஒருமுறை வருவதன்று. ஆண்டுதோறும் கிடுகு மாற்றிக் கூரை வேய்ந்த நம் முன்னோர்க்கு இது தெரியாத செய்தியன்று. வேய்தல் ஒருவர் தனித்துச் செய்யும் வேலையன்று, அயலவர் கூடிச் செய்வது என்பதும் அவர்க்குத் தெரியும்.

இன்னொரு தடையும் உண்டு. உதவி பெற விரும்புவோர் வீடு தமதே என்று உறுதி காட்ட வேண்டும். அமெரிக்கத் தென்பகுதியில் மரணசாசனமின்றித் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய வீடுகளில் வாழும் கறுப்பின மக்கள் பலர், 2005இல் கத்ரினாப் புயலின் பின்னர் அவ்வுறுதி இன்மையால் உதவியை இழந்தனர். நமது மலையகத்தின் குளிரிலே, ஒழுகும் தகரக் கூரையின் கீழ், தலைமுறைகளாக வாழ்ந்தும் காணி உறுதி அற்றோராய் லயன் அறைகளில் இருக்கும் மக்களை இங்கே நினையாதிருக்க இயலாது. காகிதம் முதலில், மனிதர் பின்னர் என்னும் நியதி கடல் கடந்தும் ஒன்றாகவே இருக்கின்றது.

நாம் வற்புறுத்துவது இதுவே: உதவியின் அளவுகோல், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பதன்று, யாரை, எக்காரணங் கூறித் திருப்பி அனுப்பினோம் என்பது. மிகவும் சிதைந்த வீட்டுக்காரர் அச்சிதைவையே காரணமாகக் காட்டி விலக்கப்படும் வரை, அத்திட்டத்தை அறமென்று அழைக்க நாம் உடன்படோம்.