நினைவு யாரிடம் இருத்தல் தகும்?

மறதியை ஒரு குறை என்று கருதுவதே உலக வழக்கு. முதுமையின் முதல் அறிகுறி என அதனை அஞ்சுவர். நன்றி கொன்றாரின் முதற்குற்றம் என அதனைப் பழிப்பர். ஆயினும் இன்று வணிகமும் ஆட்சியும் பெருமளவு நடைபெறும் இடமாகிய இணையம், மறதியையே இயல்பாகக் கொண்டு பிறந்தது. டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்.டி.டி.பி. என்னும் நெறிமுறைப்படி ஒரு கணினி கேட்கும். வழங்கி எனப்படும் மற்றொரு கணினி விடை தரும். தந்த அளவிலே கேட்டவரை மறந்துவிடும். அடுத்த நொடியில் அதே மனிதர் அதே கதவைத் தட்டினாலும் அவர் அதற்குப் புதியவரே.

இம்மறதியில் ஓர் அழகு இருந்தது. வருவோர் எவராயினும் ஒரே வகையான வரவேற்பு. முன்வினை பற்றிய கேள்வியில்லை. நூலகத்திற்கும் ஆராய்ச்சிக் கூடத்திற்கும் அது போதும். கடைக்குப் போதுமா? புடைவை ஒன்றைக் கூடையில் இட்டு, விலை கொடுக்கும் பக்கத்திற்கு நகர்ந்தவுடன், “தாங்கள் யார்? கூடை எது?” என்று கேட்கும் கடையில் எவர் பொருள் வாங்குவர்?

1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி இதற்கொரு வழி கண்டார். மின்வழிக் கடை ஒன்றை அமைக்க முனைந்த வணிக நிறுவனம், முடிவுறாத கொள்முதல்களின் குறிப்புகளைத் தன் கணினிகளில் சுமக்க விரும்பவில்லை. அக்குறிப்பை வாங்குவோர் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன? வழங்கி ஒரு சிறு சீட்டை எழுதி வந்தவரின் கணினியில் வைத்துவிடும்; அவர் மீண்டும் வரும்போது அச்சீட்டும் உடன் வரும்; அதனைக் கண்டு வழங்கி அவரை அடையாளம் கொள்ளும். குக்கி என்று உலகம் அழைப்பது இச்சீட்டைத்தான்.

சிங்கப்பூரின் பழைய தலைமுறையினர்க்கு இது புதுமை அன்று. சிராங்கூன் சாலையைச் சுற்றிய தெருக்களிலும், தீவின் பிற மூலைகளிலும் இருந்த மளிகைக் கடைகளில், மேலட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு கணக்குப் புத்தகம் வழக்கில் இருந்தது. அரிசி இத்தனை, பருப்பு இத்தனை என்று கடன் அதில் ஏறும். சம்பள நாளில் கணக்குத் தீரும். சில குடும்பங்களில் அப்புத்தகம் வீட்டிலிருந்து கடைக்குப் பிள்ளையின் கையில் போய்வரும். சில கடைகளில் கடைக்காரர் மேசையிலேயே கிடக்கும். நினைவு யாரிடம் இருந்தது என்பதே வேறுபாடு. சிறு வேறுபாடு போலத் தோன்றும் இதிலேதான் கேள்வியின் வேர் இருக்கிறது.

கடை ஒன்றாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. தீபாவளிக்கு முந்திய இரவில் தேக்காவில் திரளும் கூட்டத்தை ஒருவர் நின்று கவனிக்க இயலுமா? பத்து முகப்புகள் வேண்டும். இணையத்திலும் அவ்வாறே, பெரிய தளம் ஒன்றின் பின்னே பத்து, நூறு வழங்கிகள் நிற்கின்றன. வாயிலில் நிற்கும் சுமை பகிரும் கருவி, வருவோரை ஓய்வாக இருக்கும் வழங்கியிடம் அனுப்புகிறது. முதல் வழங்கியிடம் தம் பெயரும் கடவுச்சொல்லும் கூறி உள்ளே வந்தவரை ஏழாம் வழங்கி அறியாது. அவரோ தாம் ஒரே இடத்தில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இதற்குப் பொறியாளர் கண்ட வழிகள் மூன்று. ஒருவரை எப்போதும் முன்பு கண்ட வழங்கியிடமே அனுப்புவது முதல் வழி; அவ்வழங்கி பழுதுற்றால் அவரைப் பற்றிய நினைவும் அதனுடன் மாயும். எல்லா வழங்கிகளும் பார்க்கும்படி உள்ளறையில் ஒரு பொதுப்பேரேடு வைப்பது இரண்டாம் வழி. அப்போது வந்தவர் கையில் ஓர் எண் மட்டும் இருந்தால் போதும். வேண்டிய செய்திகளையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, முத்திரையிட்டு, வந்தவரிடமே கொடுத்துவிடுவது மூன்றாவது.

இம்மூன்றாம் வழியை விளக்க இராமாயணத்தை நாடலாம். அசோகவனத்துச் சீதைக்கு அனுமன் முன்பின் அறியாதவன். இராவணனே உருமாறி வந்தானோ என்று அவள் ஐயுற்றாள். அவ்வையம் தீர்த்தது இராமனின் கணையாழி. திரும்பும்போது சூடாமணியைப் பெற்றதோடு, இராமனும் சீதையும் மட்டுமே அறிந்த காக்கையின் செய்தியையும் அனுமன் சுமந்து சென்றான். பொருள் ஒன்று, இருவர்க்கு மட்டும் தெரிந்த மறைசெய்தி ஒன்று. இரண்டும் சேர்ந்தே சான்றாயின. இன்றைய முத்திரைச் சீட்டின் அமைப்பும் இதுவே. சீட்டு வருவோர் கையில் இருக்கும்; முத்திரையை உறுதி செய்யும் மறைச்சொல் வழங்கிகளிடம் மட்டும் இருக்கும்.

பொறியாளர்க்கு இவை மூன்றும் செலவும் வேகமும் பற்றிய தேர்வுகள். அறம் பற்றிச் சிந்திப்போர்க்கு அவ்வாறு அன்று. ஒருவரைப் பற்றிய நினைவை மற்றொருவர் வைத்திருப்பது, பிறர் பொருளைக் காப்பில் வைத்திருப்பதற்கு ஒப்பாகும். மளிகைக் கடைக்காரரின் நினைவில் எண்கள் மட்டும் இல்லை. அவ்வீட்டில் இம்மாதம் நோய் வந்ததும், மூத்தவனுக்கு வேலை போனதும் அவர் அறிவார். அறிந்தமையால் சில மாதங்களில் கேட்காமல் விடுவார். அவரே அச்செய்தியை அடுத்த வாடிக்கையாளரிடம் கூறி மகிழ்ந்ததும் உண்டு. பழமை யாவும் பொன் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், அவர் தம் வாடிக்கையாளரை அறிந்ததுபோல் வாடிக்கையாளரும் அவரை அறிவார். பொதுப்பேரேட்டை எழுதியவர் ஒருவர், படிப்பவர் மற்றொருவர். படிப்பவர் அம்முகத்தைக் கண்டதே இல்லை. அவர் யார் என்பதைப் பதியப்பட்டவரும் அறியார்.

முகம் மறைந்த இடத்தில், கையில் இருக்கும் பொருளே ஆளாகிவிடும். அதன் கொடுமையைத் தமிழர்க்குச் சிலப்பதிகாரம் முன்பே காட்டியிருக்கிறது. சிலம்பு கோவலன் கையில் இருந்தது. ஆகவே அவன் கள்வன் என்று முடிவாயிற்று. அதனுள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்பது பாண்டியன் அவையில் கண்ணகி அதனை உடைத்துக் காட்டியதால் வெளிப்பட்டது, அவன் உயிர் போன பின்னரே. இணையத்தில் இத்தவறு தலைகீழாக நிகழ்கிறது. பிறர் குக்கியைக் களவாடிய ஒருவன், அது தன் கையில் இருப்பதனாலேயே உரியவனாக ஏற்கப்படுகிறான். பொருளை வைத்து மனிதனை முடிவு செய்தல் என்னும் பிழை இரண்டிலும் ஒன்றே.

2003ஆம் ஆண்டு தொடங்கிய சிங்பாஸ், பல அரசு அமைப்புகளின் கதவுகளை ஒரே திறவுகோலால் திறக்க உதவியது. வீடு, வரி, சேமநிதி என்று ஒவ்வொரு வாயிலிலும் தம்மை மீண்டும் மெய்ப்பிக்க வேண்டிய தொல்லை நீங்கியது பெரும் நன்மை. ஆனால் திறவுகோல் ஒன்றானபோது அதனை இழப்பதன் விளைவும் பெரிதாயிற்று. 2014 ஜூன் மாதம், 1,560 கணக்குகளில் உரியவர் அறியாமல் பிறர் நுழைந்திருக்கக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் ஈரடுக்குச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. 2024 டிசம்பரில் பிஸ்ஃபைல் தளத்தில் அடையாள அட்டை எண்கள் முழுமையாகத் தெரிய நேர்ந்தபோது எழுந்த கலக்கமும் இவ்வகையினதே. அந்த எண் ஒருவரைக் குறிக்கும் பெயர் போன்றது. அவர்தாம் அவர் என்பதற்குச் சான்று அன்று. பெயரையே கடவுச்சொல்லாகப் பல நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டிருந்தன என்பதே அங்கு வெளிப்பட்ட உண்மை. பெயர் வேறு, சான்று வேறு என்பது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கும் பாடம். பெரிய நிறுவனங்களுக்கு அது விளங்க இத்தனை ஆண்டுகள் ஆயின.

இனி, நினைவை யார் வைத்திருப்பது என்பதனோடு, எதற்காக, எதுவரை என்னும் கேள்விகளும் எழுகின்றன. இவற்றை இந்நாடு ஏட்டளவில் அன்றி வாழ்வில் சந்தித்தது, பெருந்தொற்றுக் காலத்தில்.

2020 மார்ச் 20ஆம் நாள் டிரேஸ்டுகெதர் செயலி வெளியிடப்பட்டது. பின்னர், திறன்பேசி இல்லாத முதியோர்க்கென்று கழுத்தில் தொங்கவிடும் சிறு கருவியும் வந்தது. அதன் அமைப்பு பாராட்டத்தக்கது. யாரருகே யார் இருந்தார் என்ற குறிப்பு பொதுப்பேரேட்டில் ஏறவில்லை. அவரவர் கருவியிலேயே மறைக்குறியாகத் தங்கி, 25 நாட்களில் தானே அழிந்தது. நோயுற்றவர் கொடுத்தால் மட்டுமே அது வெளியே செல்லும். பழைய 555 புத்தகம் வீட்டிலேயே இருப்பது போன்ற ஏற்பாடு இது. நோய்த்தொடர்பு அறிவதற்கு மட்டுமே பயன்படும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. அச்சொல்லை நம்பி, 2021 ஜனவரிக்குள் மக்களில் ஏறத்தாழ 78 விழுக்காட்டினர் அதில் சேர்ந்திருந்தனர்.

2021 ஜனவரி 4ஆம் நாள், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறையினரும் அத்தரவைக் கேட்டுப் பெற இயலும் என்பது நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. முன்னர் உறுதி கூறியபோது அச்சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் மன்றத்தில் விளக்கினார். பிப்ரவரி 2ஆம் நாள் நிறைவேறிய சட்டம், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அத்தரவு பயன்படலாம் என்று எல்லை கட்டியது.

ஒரு கொலை வழக்கில் சான்று கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அரசு கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா என்று கேட்போர் உண்டு. எளிதில் தள்ளக்கூடிய கேள்வி அன்று அது. மாண்டவரின் தாய்க்குமுன் நின்று, தரவின் தனிமை பற்றி எவர் பேசத் துணிவர்? ஆயினும், நோய்க்காகக் கொடுத்த நினைவை வழக்கிற்காக எடுக்கும்போது, கொடுத்தவர் கொடுத்தது அதுவன்று. எதற்காக என்பது நினைவின் மேல் ஒட்டிய தாள் அன்று. அந்நினைவின் ஒரு பகுதியே அது. கோயில் திருப்பணிக்கென்று திரட்டிய பொருளைப் பள்ளிக்குச் செலவிட்டால், பள்ளியும் நல்லதுதானே என்று கூறி அமைதி கொள்ள இயலுமா? கொடுத்தவரிடம் மீண்டும் கேட்டல் வேண்டும். எல்லையைச் சட்டமாக்கியது அவ்வகையில் நேர்மையான செயல். அது முதலில் நிகழ்ந்திருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

எதுவரை என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. வழங்கிகள் இதில் விந்தையான இயல்புடையன. சிங்பாஸ் வழியே படிவம் ஒன்றை நிரப்பும் முதியவர், கண்ணாடியைத் தேடி எடுத்து, மகனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, மீண்டும் திரைக்கு வருமுன் அமர்வு முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்படுகிறது. எழுதியவையெல்லாம் போயின. பொதுக்கணினியில் அவருக்குப்பின் அமர்வோர் அவர் பெயரில் நுழையாதிருக்கவே அம்மறதி, அது காவல்தான். ஆனால் அவரைச் சில நிமிடங்களில் மறக்கும் அதே ஏற்பாடு, அவரைப் பற்றிய பதிவைப் பல ஆண்டுகள் உள்ளறையில் காக்கிறது. அவருக்கு வேண்டிய இடத்தில் மறதி. அவர் அறியாத இடத்தில் நினைவு. இது தொழில்நுட்பத்தின் விதி அன்று. காலக்கெடுவை எழுதுவோர் மனிதரே. முதியவரின் கை வேகத்திற்கேற்ப ஒன்றை நீட்டவும், தேவை முடிந்ததும் மற்றொன்றைச் சுருக்கவும் அவர்களால் இயலும்.

டிரேஸ்டுகெதர் ஏற்பாடு 2023 பிப்ரவரியில் முடிவுற்றது. திரட்டிய தரவு அழிக்கப்பட்டதாக அறிவித்த அரசு, ஒரு கொலை வழக்கு தொடர்பான பகுதி மட்டும் காக்கப்படும் என்பதையும் மறையாது கூறியது. கருவிகளைத் திரும்பக் கொடுக்க விரும்புவோர் சமூக மன்றங்களில் ஒப்படைக்கலாம் என்றனர். பலர் ஒப்படைத்தனர். சிலர் வீட்டு இழுப்பறையில், பழைய சாவிகளுக்கும் தீர்ந்துபோன கணக்குப் புத்தகங்களுக்கும் நடுவே, அதனை இன்றும் வைத்திருக்கின்றனர்.