அந்தக் கம்ப்யூட்டரைக் கீழே இறக்குங்கள்!

பரண்மேல் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடப் போகிறீர்களா? அதுவும் நெய்வேலியில் குடியிருந்துகொண்டா? 1930களில் தம் நிலத்துக் கிணற்றில் வந்த கருப்புப் பொருளை ஜம்புலிங்க முதலியார் ஒதுக்கித் தள்ளவில்லை. என்னவென்று பார்க்கச் சொன்னார். 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கி, பீறிடும் ஊற்றுநீரை இறைத்து இறைத்து, 1961இல்தான் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். பாதிக்குப் பாதி ஈரம், சூடும் குறைவு. அதை எரித்துத்தான் மின்சாரம் எடுத்த ஊர் இது! உங்கள் பழைய கம்ப்யூட்டரும் வாசலைக் காக்கும் கேமராப் பதிவுப் பெட்டியாகும்!

"எனக்கு இதெல்லாம் வராது" என்கிறீர்களா? நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற நர்ஸ் இருந்தார். அவருக்கும் கணவருக்கும் நேரங்கெட்ட வேலை. தனியாக இருக்கையில் கதவு தட்டப்பட்டால் பயம். போலீஸ் வர நேரமாகும். 1966இல் கணவரோடு சேர்ந்து அவரே வழி கண்டார். கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, படுக்கையறையில் டிவி. 1969இல் காப்புரிமையும் வந்தது. இன்று நம் நெய்வேலி வட்டங்களில் நைட் ஷிஃப்டுக்கு ஆள் போன வீட்டில் இருக்கும் கவலையும் அதேதான்!

பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடுங்கள். அதன்மேல் கேமராக் காட்சியைப் பதிவுசெய்யும் ஜோன்மைண்டர் மென்பொருள். இரண்டுக்கும் காசில்லை. ஆர்டிஎஸ்பி (நெட்வொர்க்கில் வீடியோ அனுப்பும் முறை) வசதியுள்ள ஐபி கேமராவாகப் பார்த்து வாங்கி, வீட்டு ரவுட்டரோடு இணையுங்கள். மானிட்டர் எப்போதும் எரியத் தேவையில்லை. நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் கேமரா நாளுக்கு ஏறக்குறைய 22 ஜிபி பிடிக்கும். 500 ஜிபி டிஸ்க்கில் மூன்று வாரம் நிற்கும். டிஸ்க் கடகடவென்று சத்தமிட்டால் தயங்காமல் மாற்றுங்கள், காட்சி முழுக்க அதில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் 60 வாட் இழுத்தால் நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அது செலவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் வாசல் காட்சி ஊர்பேர் தெரியாத கம்பெனியின் சர்வருக்குப் போகாமல் உங்கள் வீட்டிலேயே இருக்கும். அதற்கு நான் மனமாரக் கொடுப்பேன்!

கேமராவோடு வரும் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் கேமராக்களைக் கைப்பற்றியது, யாரும் மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான். கேமரா உங்கள் கேட்டைப் பார்க்கட்டும், பக்கத்து வீட்டு ஜன்னலை அல்ல. கரண்ட் போனாலும் பதிவு நிற்காமலிருக்க, யூபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு ரவுட்டரையும் கேமராவையும் சேர்த்தே மாட்டுங்கள்.

முதல் முறை படம் வராது. கேபிளைப் பாருங்கள், முகவரியைப் பாருங்கள், மறுபடி போடுங்கள். அடுத்த வார ஆஃப் உங்களுடையது. எழுந்து ஏணியை எடுங்கள்!