மண்பாண்டத்தில் வைத்த இரண்டு பிரதிகள்

(தியானப் பகுதி: எரேமியா 32-ஆம் அதிகாரம்)

 

இந்த மாதம் பழைய கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். 'கம்ப்யூட்டருக்கும் கர்த்தருடைய செய்திக்கும் என்னங்க பாஸ்டர் சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாய் வாசியுங்கள். சம்பந்தம் இருக்கிறது.

நம்முடைய சபையில் அநேக வீடுகளில் இப்போது கம்ப்யூட்டர் மாற்றுகிறார்கள். காரணம் உங்களுக்குத் தெரியும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்கு அடுத்ததாகிய விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய பெட்டிகளை ஏற்றுக்கொள்கிறதில்லை. அந்தத் தேதியோடு யாருடைய கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை. வீட்டுப் பூட்டு அப்படியேதான் தொங்கும். ஆனால் பூட்டில் ஓட்டை விழுந்தால் பழுதுபார்க்க வந்துகொண்டிருந்த ஆள் இனி வரமாட்டான். தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மாத்திரம் கொஞ்ச காலம் நீட்டிப்பு கொடுக்கப்பட்டது. ஆகவே புதுசு வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள். வாங்கட்டும், நல்லதுதான்.

ஆனால் என் பாரம் புதிய பெட்டியைப் பற்றியது அல்ல. பழைய பெட்டிக்குள் இருக்கிறதைப் பற்றியது!

எரேமியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமைச் சுற்றி முற்றுகை போட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய உறவினன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஊரே விழப்போகிறது, இவர் நிலம் வாங்குகிறார்! பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதுகிறார், சாட்சிகளை வைக்கிறார். அதோடு விடவில்லை. முத்திரை போட்ட பிரதி ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் பாருக்கிடம் கொடுத்து, அநேக நாள் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்திலே வைக்கச் சொல்கிறார்.

பிரியமானவர்களே, சிந்தித்துப் பாருங்கள். எரேமியாவுக்கு விசுவாசம் இல்லையா? இருந்தது. அந்த தேசத்தில் மறுபடியும் வீடும் வயலும் வாங்குவார்கள் என்று கர்த்தர் சொன்னதை நம்பித்தான் வெள்ளியைக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் பத்திரத்தை ஒரு மூலையில் போட்டுவிட்டு, 'எல்லாம் கர்த்தர் பார்த்துப்பார்' என்று போய்விடவில்லை. பிரதி எடுத்தார், பாண்டம் தேடினார். விசுவாசம் உள்ளவன் ஜாக்கிரதையும் உள்ளவனாய் இருக்கிறான். இதிலிருந்து மூன்று காரியங்களை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1. பாண்டம்: எங்கே வைக்கிறோம்?

பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் இருக்கிறது சுழலுகிற ஹார்டு டிஸ்க். உள்ளே தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 முறை, அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. வாசிக்கிற முனை அந்தத் தட்டின்மேல் படாமல், மயிரிழையிலும் சிறிய இடைவெளியில் மிதக்கிறது. பத்து வருஷம் ஓடினது பதினோராவது வருஷமும் ஓடும் என்று நாம் நினைக்கிறோம். அது நிற்கப்போகிற நாளை ஒருவரும் அறியார். ஆகவே புதிய பெட்டி வீட்டுக்கு வருமுன்னே பிரதி எடுங்கள்.

எப்படி எடுப்பது? வெளியே இணைக்கிற ஒரு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். 'கட்' செய்து ஒட்டாதீர்கள், 'காப்பி' மாத்திரம் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் மூலம் பத்திரமாய் இருக்கும். அவசரப்படாதீர்கள். பழைய யு.எஸ்.பி. 2 வழியாக 200 ஜி.பி. போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். சின்னச் சின்ன ஃபைல்களாய் இருந்தால் இன்னும் அதிகம் ஆகும். பெரிய வீடியோ மாத்திரம் ஏறமாட்டேன் என்று அடம் பிடித்தால், உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் 4 ஜி.பி. அளவுக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை வைக்க இடமில்லை. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் ஏறும். அப்படிச் செய்தால் அதில் ஏற்கெனவே இருக்கிறது அழிந்துபோகும், ஆகவே அதை முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள். இன்னொரு காரியம்: டைப் செய்கிற புரோகிராம், கணக்கு எழுதுகிற புரோகிராம் போன்றவற்றை ஃபைலைப்போல் தூக்கி வைக்க முடியாது. புதிதில் மறுபடியும் நிறுவவேண்டும். நாம் கொண்டுபோகிறது அவற்றில் எழுதி வைத்ததை.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கடைக்காரத் தம்பி, 'அண்ணே, எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா? ஃபார்மட் போட்டுடலாமா?' என்று கேட்டான். 'எடுத்தாச்சு தம்பி, போட்டுடு' என்றார் அந்தச் சகோதரர். அவர் எடுத்தது டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை மாத்திரம். பிள்ளையின் முதல் நான்கு வருஷப் படங்கள் டெஸ்க்டாப்பில் ஒரு மூலையில் இருந்தன. போனது போனதுதான். ஆகவே டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், 'டி' டிரைவ் என்று ஒவ்வொன்றாய்த் திறந்து பாருங்கள். எடுத்து முடித்த பின்பு பழைய ஃபோல்டரில் எத்தனை ஃபைல், புதிதில் எத்தனை ஃபைல் என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். மந்தையை எண்ணாத மேய்ப்பன் உண்டா?

இன்னும் ஒன்று. இரண்டு பிரதியும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது தரைத்தளத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர் பத்திரங்களையும் படங்களையும் இழந்தார்கள்! ஒரு பிரதியை வேறே ஊரில் இருக்கிற அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். இதைத் தெரிந்தவர்கள் 3-2-1 என்று சொல்லுகிறார்கள். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. பழைய டிஸ்கை ஒரு மாதத்துக்காவது அழிக்காதிருங்கள். மறந்துபோனது எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் ஞாபகத்துக்கு வரும்!

2. திறந்த பிரதி: வாசிக்க முடிகிறதா?

பத்திரத்தை ஏன் ஒன்று திறந்ததாய் வைத்தார்கள்? பின்னால் வருகிறவன் எடுத்து வாசிக்கும்படிக்கு. வைத்திருப்பது மாத்திரம் போதாது, வாசிக்கக்கூடியதாயும் இருக்கவேண்டும்.

நம்முடைய சபையில் ஒரு சகோதரர் அநேக வருஷம் இந்தப் பத்திரிகையைத் தன் கையாலே டைப் செய்து கொடுத்தவர். 2019-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குடியிலிருந்து தான் விடுதலையானதை 2004-ல் இரண்டு பக்கச் சாட்சியாக எழுதி வைத்திருந்தார். போன வருஷம் மகன் புதிய லேப்டாப்பில் அந்த ஃபைலைத் திறந்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய் ஒரே குப்பை! 'அம்மா, ஃபைல் கெட்டுப்போச்சு, அழிச்சிடலாம்' என்றிருக்கிறான். அந்தச் சகோதரி எனக்குப் போன் செய்து, 'பாஸ்டர், அழிக்கிறதுக்கு முன்னாடி உங்க கண்ணாலே ஒருவாட்டி பார்த்துடுங்க' என்றார்கள்.

பார்த்தேன். ஃபைல் கெடவில்லை. அது பாமினி ஃபான்டில் டைப் செய்தது. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்டுகள் அநேகம் இப்படித்தான். ஃபைலுக்குள் இருக்கிறது ஆங்கில எழுத்தின் குறியீடு. அதன்மேல் தமிழ் வடிவத்தை வரைகிறது ஃபான்ட். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத்தான் தட்டவேண்டும். ஆகவேதான் ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அத்தனை அரைப்புள்ளிகள்! பழைய டிஸ்கில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அதிலிருந்து பாமினியை எடுத்துப் புதிதில் நிறுவினேன். எழுத்துகள் எல்லாம் தமிழாய் எழும்பி நின்றன. அல்லேலூயா!

அந்தச் சகோதரி வாசித்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, 'எல்லாத்துக்கும் "ஆகையினாலே, ஆகையினாலே"ன்னு போடுவாரு பாஸ்டர். பக்கத்துல உட்கார்ந்து பேசுற மாதிரியே இருக்கு' என்றார்கள். பேரப்பிள்ளை தாத்தாவைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் எதிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்று அவருடைய வார்த்தையிலேயே ஒருநாள் வாசிப்பான். ஒரு விசையைத் தட்டியிருந்தால் அந்தச் சாட்சி போயிருக்கும்!

ஆகவே பழைய தமிழ் ஃபைல் வைத்திருக்கிறவர்களே, ஃபான்டையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அதோடு நின்றுவிடாமல் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் சொந்தக் குறியீடு உண்டு. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. மாற்றிக் கொடுக்கிற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றின பின்பு ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள், சில எழுத்துகள் இடம் மாறும். பேஜ்மேக்கரில் செய்தவற்றுக்கு இன்னும் அவசரம் உண்டு. அதன் கடைசிப் பதிப்பாகிய 7.0 வெளியானது 2001-ல். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே, ஃபான்டையும் உள்ளே சேர்த்து பி.டி.எஃப். ஆக்கி வையுங்கள்.

1947-ல் சவக்கடல் ஓரத்துக் குகையில் மண்பாண்டங்களுக்குள் தோல் சுருள்கள் கண்டெடுக்கப்பட்டதை அறிவீர்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் கழித்தும் அவற்றை வாசித்தார்கள். தோலில் எழுதினதை வாசிக்க பாஷை தெரிந்த கண் போதும். நம்முடைய ஃபைலை வாசிக்க அது போதாது, இயந்திரமும் வேண்டும். ஆகையால் மிக முக்கியமான நான்கைந்து காரியங்களைக் காகிதத்திலும் அச்செடுத்து வையுங்கள்.

3. முத்திரை போட்ட பிரதி: மற்றவர்களுடைய காரியம்

சில காரியங்கள் எல்லார் கண்ணுக்கும் அல்ல. என் கம்ப்யூட்டரில் பிரசங்கக் குறிப்பு மாத்திரமா இருக்கிறது? ஜெபக் குறிப்புகள் இருக்கின்றன. கடன், வியாதி, குடும்பச் சண்டை என்று கண்ணீரோடு எழுதினவைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஆதார் நகல், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் இருக்கும். இதை அப்படியே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டு வரலாமா?

'டெலீட் பண்ணிட்டேனே பாஸ்டர்!' என்பீர்கள். சுழலுகிற டிஸ்கில் டெலீட் செய்து குப்பைத் தொட்டியைக் காலி செய்தாலும், போகிறது அட்டவணையில் இருக்கிற பெயர் மாத்திரமே. அதன்மேல் வேறொன்று எழுதப்படுகிறவரைக்கும் உள்ளே எழுதினது அங்கேயே கிடக்கும். குவிக் ஃபார்மட்டும் அப்படியே. தெரிந்தவன் மீட்டு எடுத்துவிடுவான். ஆகவே விற்குமுன், விண்டோஸ் ரீசெட்டில் எல்லாவற்றையும் நீக்கி டிஸ்கையும் சுத்தம் செய்கிற விருப்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அல்லது டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, குவிக் அல்லாத முழு ஃபார்மட் செய்யுங்கள். அது டிஸ்க் முழுவதும் பூஜ்யத்தை எழுதும். ஓடாமல்போன டிஸ்கா? கழற்றி, உள்ளே இருக்கிற தட்டுகளைத் துளைபோட்டுவிட்டு அப்புறம் பழைய சாமான் கடைக்குக் கொடுங்கள்.

அதைப்போல, எல்லாவற்றையும் புதிதுக்குச் சுமந்துகொண்டு போகவும் வேண்டியதில்லை. 2009-ல் இரண்டு சகோதரர்களுக்குள் சொத்துத் தகராறு. இருவரும் மாறி மாறி எழுதின கடிதங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய என்னிடத்தில் இருந்தன. இன்றைக்கு அவர்கள் ஆராதனையில் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள், ஒருவர் பேரனை மற்றவர் மடியில் வைத்திருக்கிறார். சமாதானமான பிறகு அந்தக் கட்டை நான் ஏன் சுமக்கவேண்டும்? இருவரையும் கேட்டேன். 'அழிச்சுடுங்க பாஸ்டர்' என்று இருவருமே சொன்னார்கள். அது புதிய கம்ப்யூட்டருக்கு வரவில்லை.

அருமையானவர்களே! எரேமியா அந்த நிலத்தில் உழுது விதைத்ததாக வேதத்தில் நாம் வாசிக்கிறதில்லை. எருசலேம் விழுந்தது. பின்பு ஜனங்கள் அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். அப்படியானால் அந்த இரண்டு பிரதி யாருக்காக? திரும்பி வரப்போகிறவர்களுக்காக! நீங்கள் எடுத்துவைக்கிற படமும் சாட்சியும் கணக்கும் அப்படியே, உங்களுக்குப் பின்வருகிறவர்கள் ஒருநாள் தேடுவார்கள்.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த மாதம் ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். கம்ப்யூட்டர் மாற்றுகிற வீடுகளில் வயதான அப்பா அம்மா இருந்தால், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களையே கேட்டுக் கேட்டு எடுத்துக் கொடுங்கள். எது குப்பை, எது பொக்கிஷம் என்று நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். அவர்கள் காட்டுகிற இடத்தில்தான் பொக்கிஷம் இருக்கும்.

சேர்த்துவைத்ததைக் காக்கவும், காக்கவேண்டாததை விட்டுவிடவும் கர்த்தர் நம் ஒவ்வொருவருக்கும் ஞானத்தைத் தருவாராக. ஆமென்!

கர்த்தருடைய பணியில்,
உங்கள் அன்பின் சகோதரன்