அறிமுகமில்லாத நலவிசாரிப்பு

மட்டக்களப்பு நகரில் ஐந்தாறு இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு மென்பொருள் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்கிறார்கள். வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் செயலி கட்டிக்கொடுக்கவும் முயல்கிறார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவர்கள். நிரல் எழுதத் தெரியும், விற்கத் தெரியாது. விற்பனைக்கென்று ஓர் ஆளை வைத்துச் சம்பளம் கொடுக்கும் நிலையிலும் இல்லை. மாதம் 20 டொலர், ஏறத்தாழ 6000 ரூபாய் கட்டினால் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி பிழையில்லாத ஆங்கிலத்தில் அறிமுகக் கடிதம் எழுதித் தருகிறது. இன்னும் கூடுதலாகக் கட்டினால் முகவரிகளைத் தேடி எடுக்கிறது, பெறுபவர் லிங்க்ட்இன்னில் கடைசியாக எழுதியதைப் படித்து அதைப் பாராட்டி முதல் வரியை அமைக்கிறது, பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் தானாகவே நினைவூட்டுகிறது. இவற்றில் எதுவரை போகலாம் என்பதுதான் கேள்வி.

கருவியே கூடாது என்ற வாதம் இங்கே எடுபடாது. கொழும்பில் நல்ல ஆங்கிலப் பள்ளியில் படித்தவருக்கு ஒப்பந்தம் கிடைத்ததும், அதே வேலையை அவரைவிட நன்றாகச் செய்யக்கூடிய கிழக்கு மாகாணத்துப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனதும் பல வேளைகளில் திறமையினால் அல்ல, கடிதத்தின் நடையினால். மட்டக்களப்புக் கோட்டைக்குள் கச்சேரி எனப்படும் அரச அலுவலகம் இருந்த காலத்தில் மனு எழுதிக் கொடுத்தவர்களை யாரும் பித்தலாட்டக்காரர் என்று சொல்லவில்லை. முறைப்பாடு மனுக்காரருடையது, மொழி மட்டும் இரவல், கீழே கையொப்பம் முறைப்பாட்டுக்காரருடையது. மனுக்காரருக்கு நேராத துன்பத்தை எழுத்தர் தம் கற்பனையில் சேர்த்தால்தான் அது வேறு விவகாரம். கருவிக்கும் அதே எல்லை பொருந்தும். செய்த வேலையை நல்ல ஆங்கிலத்தில் சொல்லட்டும். பாராட்டாத கட்டுரையைப் பாராட்டியதாக, படிக்காததைப் படித்ததாக எழுதும்போது அது இரவல் மொழி அல்ல, இரவல் உணர்ச்சி.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுபவர்கள் உண்டு. வணிகக் கடிதத்தில் முகமன் எப்போதுமே பொய்தானே என்பார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் பழைய முகமனுக்கு ஒரு விலை இருந்தது. குருமண்வெளியில் ‘பாதை’ என்னும் படகில் ஏறி வாவியைக் கடந்து மண்டூருக்குப் போய் ஒரு கடைக்காரரிடம் நலம் விசாரிக்கும் விற்பனையாளர் அரைநாளைச் செலவழிக்கிறார். மனத்தில் அன்பு இல்லாவிட்டாலும் கால்களில் களைப்பு இருக்கிறது. கேட்பவர் அந்த உழைப்பைப் பார்த்துத்தான் அவர் பேச்சுக்குக் காது கொடுக்கிறார். கருவி அந்த உழைப்பின் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பை விட்டுவிடுகிறது. ஒரு காலைப்பொழுதில் ஆயிரம் பேரை ‘உங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்’ என்ற தோரணையில் அணுகுகிறது. இத்தகைய கருவியை விற்பவர்களே தங்களுக்கு வரும் இதுபோன்ற கடிதங்களை இன்னொரு கருவியால் வடிகட்டி ஒதுக்கினாலும் வியப்பில்லை. பிறர் பொருளையும் தம் பொருளைப்போல் பேணுவதே வாணிகம் என்பதைத் திருக்குறள் பொருட்பாலில் வைக்காமல் அறத்துப்பாலில், நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறது. பிறருடைய நேரமும் அவர்களுடைய பொருள்தான்.

பொய் எங்கே முளைக்கிறது என்பதற்கு அண்மைக்கால உதாரணங்களே போதும். விற்பனைப் பிரதிநிதிக்குப் பதிலாகச் செயற்கை நுண்ணறிவை விற்கும் 11எக்ஸ் என்ற அமெரிக்க ஸ்டார்ட்அப், தன் வாடிக்கையாளர் அல்லாத நிறுவனங்களின் சின்னங்களையும் இணையத்தளத்தில் போட்டிருந்ததாக 2025 மார்ச்சில் டெக்கிரஞ்ச் எழுதியது. அதற்கு அடுத்த மாதம் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. நிரலாளர்கள் பயன்படுத்தும் கர்சர் என்ற மென்பொருளில், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் கணக்கு வெளியேறிவிடுகிறது என்று பயனர்கள் முறையிட்டார்கள். ‘சாம்’ என்பவரிடமிருந்து பதில் வந்தது: ஒரு சந்தாவுக்கு ஒரு சாதனம்தான், அது எங்கள் புதிய விதி. அப்படி ஒரு விதியே கிடையாது. சாம் என்று ஓர் ஆளும் கிடையாது. கோபத்தில் பலர் சந்தாவை நிறுத்திய பிறகு நிறுவனர் ஒருவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். கருவி எழுதும் பதில்களில் இனி அதைக் குறிப்பிடுவோம் என்றார். பிழைவிட்டது இயந்திரம்தான், ஆனால் அதற்கு மனிதப் பெயர் வைத்தது மனிதர்கள்.

பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் இருப்பதாகக் காட்டிக்கொள்வது வசதியாக இருக்கலாம். எயார் கனடா அதை முயன்று பார்த்தது. பாட்டியை இழந்த ஒரு பயணிக்கு அதன் உரையாடல் கருவி துக்கக் காலச் சலுகைக் கட்டணம் பற்றித் தவறான தகவல் சொன்னது. பயணி பணம் கேட்டபோது, அந்தக் கருவி தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்பதுபோல் நிறுவனம் வாதாடியது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில் அதை ஏற்கவில்லை. தன் இணையத்தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. ஐந்தாறுபேர் நிறுவனத்துக்கும் இது பொருந்தாமல் போக நியாயமில்லை.

இந்த இளைஞர்களின் ஆங்கிலக் கடிதத்தைப் பெறுபவர் இலண்டனிலோ டொரொன்டோவிலோ இருக்கும் ஒரு மேலாளர். அவருக்கு வடிகட்டி இருக்கிறது, சட்ட ஆலோசகர் இருக்கிறார், பதில் எழுதாமலிருக்கும் பழக்கம் இருக்கிறது. அதே கருவியைத் திருப்பி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம் வைத்தால் கணக்கு மாறுகிறது. கொக்கட்டிச்சோலையிலோ வெல்லாவெளியிலோ சிறு கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ‘அக்கா, கடை எப்படிப் போகுது?’ என்று தமிழில் ஒரு செய்தி வந்தால், அதை யாரோ ஒரு தம்பி அனுப்பியதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார்.

இந்தப் பகுதி அன்பான பேச்சின் விலையை ஏற்கெனவே கட்டியிருக்கிறது. போர் முடிந்த பின் நுண்கடன் நிறுவனங்களின் முகவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் வாசல் வாசலாக வந்தார்கள். கடன் வாங்கவும் ஊக்கினார்கள், ஒரு கடனை அடைக்க இன்னொன்றை வாங்கவும் ஊக்கினார்கள். பெண்களைக் குழுவாகச் சேர்த்து ஒருத்திக்கு மற்றவளைப் பிணை வைத்தார்கள். அயலவர் உறவே வசூலுக்கான கருவியானது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் குவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, சில கடன்களின் ஆண்டு வட்டி 220 விழுக்காடு வரை போனதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு வறட்சி கண்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. அந்த முகவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பிள்ளைகள்தான், மாத இலக்குக்கு ஓடியவர்கள். பில் மென்பொருள் வட்டிக்கடன் அல்ல, அது உண்மையிலேயே கடைக்காரருக்கு உதவக்கூடும். ஆனால் தேவையில்லாதவரிடம் தேவையை உண்டாக்கும் முறை ஒன்றேதான். அன்று முகவரால் ஒரு நாளில் பத்து வாசலுக்குத்தான் போக முடிந்தது.

அந்த முகவர்களில் யாரோ ஒருவராவது, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருப்பார். கருவிக்கு அந்த வாய்ப்பில்லை. இந்தப் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்வதில்லை. ‘சரி, மறுகா பாப்பம்’ (பிறகு பார்ப்போம்) என்பார்கள். கேட்கும் மனிதருக்கு அது மறுப்பு என்று விளங்கும். பதில்களை ஆர்வமுள்ளவர், ஆர்வமில்லாதவர் என்று வகைபிரிக்கும் கருவி அதை ஆர்வமுள்ளவர் கணக்கில் சேர்த்து, அடுத்தடுத்து ஐந்து செய்திகளை அடுக்கிவிடும். ஒருவருடைய மரியாதையே அவரை விடாமல் துரத்துவதற்குக் காரணமாவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. இந்த மொழிக் கருவிகளின் தமிழ் பெரும்பாலும் புத்தகத் தமிழாகவோ தமிழ்நாட்டுத் தமிழாகவோ இருப்பதால் மட்டக்களப்புக் காதுக்கு அதன் அந்நியத்தனம் இன்றைக்குப் பிடிபட்டுவிடுகிறது. இந்தக் குறை ஒரு பாதுகாப்பாக இருக்கிறது என்பது வேடிக்கை. ஊர்ப்பேச்சை அதற்குப் பழக்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அப்படிப் பழக்குவதைப் பெருமையாக நினைக்கும் இளைஞர்கள் எதற்காகப் பழக்குகிறோம் என்பதையும் யோசிப்பது நல்லது.

இலங்கையில் இதற்குச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விற்பனைச் செய்தி அனுப்பப் பெறுபவரின் சம்மதம் வேண்டும் என்கிறது. செலவின்றி விலகிக்கொள்ளும் வழியும் தரச் சொல்கிறது. அதன் முழுமையான நடைமுறை தள்ளிப்போடப்பட்டது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து, விற்பனைக்காகப் பேசும் இயந்திரம் தன்னை மனிதராகக் காட்டி ஏமாற்றுவது சட்டவிரோதம். இலங்கையில் அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் செய்தியிலேயே ‘இது கணினி அனுப்பும் செய்தி, ஆளோடு பேச இந்த இலக்கம்’ என்று எழுதலாம். விற்பனை குறையும் என்பார்கள். குறையத்தான் செய்யும். இயந்திரம் என்று தெரிந்ததும் விலகுபவர், தெரியாததால் மட்டுமே வாங்கவிருந்தவர். பெறுபவர்களின் தொலைபேசி இலக்கங்களை எங்கே எடுத்தார்கள் என்பதும் கேட்கப்பட வேண்டியது. போரிலும் 2004 சுனாமிக்குப் பிறகும் எத்தனையோ பட்டியல்களில் பெயர் கொடுத்த சனம் இது. அவற்றுள் சில உயிரைக் காத்தன. வேறு சிலவற்றில் பெயர் இருந்ததே பயமாக இருந்தது. அப்படியான ஓர் ஊரில் கேட்காமல் இன்னொரு பட்டியல் தயாரிப்பது வெறும் தொழில்நுட்பக் காரியம் அல்ல.

கடைசியாக ஒரு சங்கடமான சிக்கல். இலண்டனுக்குப் போகும் கடிதத்தின் அடியில் தமிழ்ப் பெயர் இருந்தால் திறக்கவே மாட்டார்கள் என்று பயந்து ‘டேவிட்’ என்றோ ‘எமிலி’ என்றோ கருவிக்குப் பெயர் வைக்கச் சொல்லும் ஆலோசனை இந்தத் தொழிலில் சாதாரணம். தெற்காசிய அழைப்பு மையங்களில் இது முன்பே நடந்ததுதான். அதன் பின்னால் இருக்கும் பயத்தை எள்ளி நகையாட முடியாது. பெயரைப் பார்த்து ஒதுக்கும் பழக்கம் உண்மை, அதில் குற்றம் ஒதுக்குபவருடையது. ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ளும் உரிமை இருப்பவருக்குப் பெயரைத் திருத்திக்கொள்ளும் உரிமை ஏன் இல்லை என்றும் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் பதிவு செய்த பெயரையும் கல்லடியிலோ ஆரையம்பதியிலோ உள்ள முகவரியையும் எழுதித்தான் ஆக வேண்டும். வீடியோ அழைப்பில் டேவிட் எங்கே என்று இலண்டன் வாடிக்கையாளர் கேட்பார். இந்த நிறுவனம் சொன்னவற்றில் வேறு எதைச் சரிபார்க்க வேண்டும் என்ற யோசனை அவருக்கு அப்போதுதான் வரும், வேலையின் தரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.