கணக்கில் வராத காற்று

டர்போ காரின் இழுவை குறைந்தால் பலருக்கும் முதலில் தோன்றுவது, இன்னும் பெரிய டர்போ. கையில் காசு இருப்பதும் சில நேரம் கெடுதல்தான்.

சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் போன்ற காரில், உள்ளே வரும் காற்றை டர்போவுக்கு முன்பே ஒரு சென்சார் அளந்துவிடுகிறது. அந்த அளவுக்கு ஏற்பத்தான் பெட்ரோல் பீய்ச்சப்படும். அளந்த காற்று, இன்டர்கூலர் குழாயின் தளர்ந்த கிளாம்ப் வழியே வெளியேறினால் கணக்கு பொய்த்துப்போகும்: பெட்ரோல் மிகும், இழுவை குறையும், சைலன்சர் கரும்புகை கக்கும். புது டர்போவும் அதே ஓட்டையில்தான் ஊதும்.

கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சினை ஆறவிட்டு, டர்போவின் காற்று வாயை அடைத்து, கம்ப்ரசரால் சுமார் 10 பிஎஸ்ஐ வரை மெதுவாகக் காற்றேற்றி, இணைப்புகளில் தெளியுங்கள். பஞ்சர் கடைக்காரர் ட்யூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பாரே, அதே வித்தை. குமிழி வரும் இடத்தில் கிளாம்பை இறுக்குங்கள். ரப்பர் குழாய் வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அதன் பிறகும் பெரிய டர்போ மேல் ஆசை இருந்தால் இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ஈசியூ ட்யூனிங் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.