கொல்லாமையும் இடமளித்தலும்

உயிரைக் கொல்லாமை அறம் என்பதை மறுப்பார் இல்லை. ஆயின், கொல்லாதிருந்தால் மட்டும் அவ்வறம் நிறைவுறுமோ என்பது சிந்தித்தற்குரியது.

சென்னைக் கிண்டியில் இன்று தேசியப் பூங்காவாக விளங்கும் காடு, ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் வேட்டைக்களமாக இருந்தது. அந்நாளில் அதன் பரப்பு ஏறத்தாழ 500 ஹெக்டேர். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமான் வேட்டையை நாடெங்கும் தடுத்தது. 1978இல் கிண்டி தேசியப் பூங்காவாயிற்று. ஆனால் அதற்குள் கல்விக்கூடங்களும் நினைவகங்களும் எழுந்துவிட்டன. பூங்காவாக எஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேரே. அதனைச் சூழ்ந்து நகரம் நிற்கிறது.

வெளிமானின் பெயரிலேயே வெளி இருக்கிறது. குறும்புல் படர்ந்த திறந்த நிலத்தில், பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்புவது அதன் இயல்பு. ஓட வெளியில்லையேல், எய்வார் இல்லாமை மட்டும் அதனைக் காக்குமோ? வேடன் ஒரு மானைக் கொல்கிறான். புல்வெளி எஞ்சினால் மறிகள் பின்னும் பிறக்கும். வெளியைப் பறிப்பவனோ பிறக்கவிருக்கும் மறிகளின் வாழ்வையும் சேர்த்தே பறிக்கிறான். கையில் குருதி படியாமையால் அவன் நெஞ்சு உறுத்துவதுமில்லை.

மனிதர்க்கு மனை வேண்டாமோ எனின், வேண்டும். வேண்டுவது வேறு, எல்லையின்றி வளைப்பது வேறு.

காஞ்சி வரதன் மாட்டுப் பொங்கலன்று பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருள்கிறான். ஊரைக் கடந்து செல்வதே அவ்வுற்சவம். ஊருக்கு எல்லை உண்டு. அதற்கப்பால் பிறவுயிர்களுக்கும் இடம் உண்டு. அவ்விடத்தை விட்டுவைத்தலே கொல்லாமையின் நிறைவாகும்.